ஐம்பத்தெட்டு மீட்டர் பச்சை நூல்

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் சீமைக்கருவேலக் கட்டைகள் இருநூற்றுப் பதினாலு இருக்கின்றன. தண்ணீர் இல்லாத ஒரு புரட்டாசியில் மூன்று காலைகள் நடந்து எண்ணினேன். மரம் வெட்ட வந்தவர்கள் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகிறதை வெட்டிக்கொண்டு, தரைக்கு மேல் ஒரு முழம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேரோடு பறிக்க இயந்திரம் வரும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். அதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ததில் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனது. திருச்சுழி வட்டாரத்தில் அது வருஷா வருஷம் நடக்கிற காரியம் இல்லை. மார்கழி பிறக்கும்போது தண்ணீருக்குள் கட்டை, கட்டையைச் சுற்றிப் பாசி, பாசிக்கு மேல் அல்லி இலை, கரையோரம் கோரை என்று ஆகிவிட்டது. விரால் மீனுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. தூண்டில் போடுகிறவனுக்கு இதைவிட மோசமான இடமும் கிடைக்காது. இந்தத் தண்ணீரில் எந்த நூலைப் போடுவது என்று நான் யோசித்ததையும், யோசித்து நான் செய்ததையும்தான் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று நாலு தடவை பேனாவை மூடி வைத்தேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் சோதனை அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் நூலை எடுத்து, எடை போட்டு, இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படிக்கட்டு, தெருவிளக்கு, மாத்திரை, பஸ் பிந்தி வந்த நிமிஷம் எல்லாவற்றையும் எண்ணுவேன். என் மனைவிக்கு இது எரிச்சல். ஆனால் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தெரிய என்னிடம்தான் வருவாள்.

தூண்டில் பழக்கம் ஓய்வுக்குப் பிறகு வந்தது. பழக்கியவன் என் சிநேகிதன். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அவன் எட்டாம் வகுப்போடு காட்டு வேலைக்குப் போனான்; நான் படித்து மில்லுக்குப் போனேன். மானாவாரியாகச் சோளமும் பருத்தியும் போடுகிறவன். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த முறையில் அவன் மனைவி எனக்குத் தங்கச்சி. என்னை அண்ணே என்பாள்.

எங்கள் கண்மாயில் வலை போடக் கூடாது. தண்ணீர் வற்றும்போது, பெரும்பாலும் பங்குனியில், ஊர் கூடி நாள் குறித்துக் கண்மாயை அழிப்பார்கள். அன்றைக்கு யாரும் இறங்கி எந்த மீனையும் பிடிக்கலாம். அதுவரை தூண்டில் போட்டுக் குழம்புக்கு நாலு மீன் எடுப்பதை ஒருவரும் கேட்பதில்லை. நாங்கள் காலை ஆறரைக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்புவோம்.

அவன் போடுவது சாதாரணத் தங்கூசி, ஒற்றை நைலான் இழை. நரம்பு என்றுதான் இங்கே சொல்வோம். காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைத்திருப்பான். அதில் அவன் ஒரு வேலை செய்வான். தூண்டில் முள்ளுக்கு மேலே இரண்டு சாண் நீளத்துக்கு, அதைவிட மெல்லிய நரம்பை ஒட்டுப் போட்டு முடிந்திருப்பான். முள் கட்டையில் மாட்டினால், நூலைக் குச்சியில் சுற்றி ஒரு இழுப்பு. மெல்லிய நரம்பு முள்ளுக்குப் பக்கத்தில் அறும். மீதி முழுக்கக் கைக்கு வந்துவிடும். பெரிய விரால் மாட்டினாலும் அதே இடத்தில்தான் அறும். அந்த மார்கழியில் மட்டும் என் கண்ணெதிரே ஆறு பெரிய மீன்களை அப்படி விட்டான்.

நூலில் பலவீனமான இடத்தை நீயே உன் கையால் முடிந்து வைக்கிறாயே என்று கேட்டேன்.

“முள்ளு போனாப் போகுது மாப்ள. நூலு உள்ள கெடக்கக் கூடாது. கோடையில ஆடு மாடு எறங்கும். பங்குனியில நாம எறங்குவோம்” என்றான்.

எனக்கு அது, மீனை விட்டவன் சொல்லும் சாக்காகப் பட்டது. நானும் அதே நரம்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஒட்டில்லாமல். கட்டையின் சொரசொரப்பில் உரசி அறுந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் பத்தொன்பது முள்ளும் ஐந்து விராலும் போயின. ஐந்தாவது போனபோது அவன் பக்கத்தில் நின்றான். “மில்லு நூலும் அறுகுமோ?” என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். மறுநாள் காலை எட்டே காலுக்கு நான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கிற பாய், வளைகுடாவில் பல வருஷம் இருந்து திரும்பியவர். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் கடலில் தூண்டில் போட்டவர் என்பதால் அவரிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார். கடலுக்கா கண்மாய்க்கா என்று முதலில் கேட்டார். பிறகு மூன்று உருண்டைகளை மேசையில் வைத்தார். ஒன்று கனத்த தங்கூசி. கட்டையில் கொஞ்சம் தாங்கும், ஆனால் இழுத்தால் நீளும். பாசிக்குள் புகுந்த மீனைத் திருப்புவதற்குள் அது கட்டையைச் சுற்றிவிடும். இரண்டாவது, தண்ணீரில் மூழ்குகிற கெட்டி நரம்பு. உரசலுக்கு அசராது, ஆனால் மூழ்குவதால் பாசி அடியில் போய்ப் படுத்துவிடும். மூன்றாவது பிரெய்டு என்று அவர் சொன்ன பின்னல் நூல். எட்டு இழை சேர்த்துப் பின்னியது. தையல் நூல் கனம்தான் இருக்கும். நீளாது, மிதக்கும், பாசியை அறுத்துக்கொண்டு வரும்.

“மீனுக்கு இதுதான் சார் சரி” என்றார். “ஆனா மாட்டிக்கிச்சுன்னா இது அறாது. கையில சுத்தி இழுத்தா வெரலு போயிரும். முள்ளுக்கிட்ட ஒரு மொழம் தங்கூசி போட்டு முடிஞ்சுக்குங்க. அறுந்தா அங்க அறட்டும்.”

சிநேகிதன் சொன்னதையே அவரும் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது. பச்சை நிறத்தில் நூறு மீட்டர் போதும் என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தேன்.

வீட்டில் அதைச் சோதித்தேன். நிலைப்படியில் ஆணி அடித்து, நூலின் நுனியில் வாளியைக் கட்டி, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினேன். தங்கூசி ஒன்பதாவது லிட்டரில் அறுந்தது. பச்சை நூலுக்கு இருபது லிட்டர் வாளி போதவில்லை; குடத்தையும் சேர்த்துக் கட்டினேன், ஆணி பிடுங்கிக்கொண்டது. நனைத்துப் பார்த்தேன், முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், கண்மாயிலிருந்து கொண்டுவந்த கட்டைத் துண்டில் உரசிப் பார்த்தேன். தங்கூசி நாற்பது உரசலுக்கு நைந்தது. பச்சை நூல் இருநூறுக்கும் பிசிறு மட்டும் விட்டது. ஒரு துண்டைச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மொட்டை மாடி வெயிலில் இருபது நாள் வைத்தேன். பலம் குறையவே இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். மீனுக்கு இத்தனை பரீட்சையா என்று என் மனைவி கேட்டாள். முழங்கால் வலியை மறந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தை மாதத்தில் முதல் பெரிய விரால் வந்தது. முள் வைத்த ரப்பர் தவளையை அல்லி இலை மேல் வீசி இழுத்தபோது இலையோடு சேர்த்து அடித்தது. பாசிக்குள் போனதை அப்படியே பாசியோடு இழுத்துக் கரையில் போட்டேன். இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். வீட்டுக்குப் போகக் குறுக்குப் பாதை முந்நூறு அடி தூரம்தான். நான் சுற்றிக்கொண்டு, சிநேகிதன் வீட்டு வாசல் வழியாகப் போனேன். தங்கச்சி பார்த்துவிட்டு, அண்ணன் கெட்டிக்காரவுக என்றாள். அவன் மீனைத் தூக்கிப் பார்த்து, நூலைத் தொட்டுப் பார்த்து, நல்ல நூலுதேன் என்றான். அவன் வாயால் அதைக் கேட்கவே அந்தப் பாதையில் போனேன்.

அந்த வாரமே முதல் தடவையாக முள் கட்டையில் மாட்டியது. குச்சியில் சுற்றி இழுத்தேன். குச்சி முறிந்தது. முள் நிமிரவில்லை, கட்டை அசையவில்லை, நூல் அறவில்லை. உள்ளே இறங்கி எடுக்க என் முழங்கால் இடம் தராது. கரையில் நின்றபடியே கத்தியால் அறுத்தேன். அறுந்த நுனி தண்ணீர் மேல் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு பாசிக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து நூல் சுற்றி வைத்திருந்த குழாய்த் துண்டில் மீதி இருந்ததை அளந்தேன். ஒன்பது மீட்டர் குறைந்திருந்தது.

மாசி முடிவதற்குள் ஏழு தடவை அறுத்தேன். ஒன்பது, ஆறு, பதினொன்று, ஏழு, நாலு, பதின்மூன்று, எட்டு. மொத்தம் ஐம்பத்தெட்டு மீட்டர். ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்று நோட்டில் கண்மாயின் படம் போட்டுக் குறித்து வைத்தேன். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு கோடும் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் தடவை அறுத்தபோது சிநேகிதன் பார்த்தான். “அறுத்துவிட்டதெல்லாம் என்ன ஆகும் மாப்ள?” என்றான்.

“மக்கிப்போகும்” என்றேன்.

வெயிலில் இருபது நாள் கிடந்தும் பலம் குறையாத துண்டு அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவன் சரி என்றான். மழை, விதை, மாடு பற்றி நான் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவன் அவன். நூல் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை நம்பினான். முப்பத்தோரு வருஷம் நூலைப் பார்த்தவன் சொல்கிறான் என்று நம்பினான்.

மாசி வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது. தண்ணீர் வேகமாக இறங்கியது. பங்குனி முதல் வாரத்திலேயே ஆட்டோவில் மைக் கட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்மாய் அழிகிறது என்று அறிவித்தார்கள். நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஏழில் ஐந்தையாவது எடுத்திருக்கலாம். முதல் நாள் கரண்ட் பில் கட்டப் போனேன். இரண்டாம் நாள் அருப்புக்கோட்டையில் கண் டாக்டர். மூன்றாம் நாள் முழங்கால். நாலாம் நாள் காலையில் கரை வரைக்கும் போனேன். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து நாளைய மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நானே விட்ட நூலை நானே பாசிக்குள் தேட எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

கண்மாய் அழிக்கும் நாளில் முதல் கால் வைப்பது சிநேகிதனின் வீட்டார் உரிமை. அவர்கள் குடும்பத்து ஆண் ஒருவர் ஊத்தாவோடு, அதாவது அடியில்லாத மூங்கில் கூடையோடு, இறங்கி முதல் மீனை எடுத்துக் கரையில் இருக்கும் அய்யனாருக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஊர் இறங்கும். அய்யனார் பார்வையில் யாரும் செருப்புப் போடக் கூடாது. கரை ஏறும்போதே கழற்றிவிட வேண்டும். அவனுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது. வீட்டுக்குள்ளே கூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, தனியாகச் செய்த செருப்பு ஒரு ஜோடி வைத்திருந்தான். தங்கச்சி அவனைப் போக வேண்டாம் என்றாள். தம்பி மகனை அனுப்பலாமே என்றாள். நான் இருக்கும்போது அவன் எதுக்கு என்று கேட்டுவிட்டான்.

கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினான். “பாத்துக்க மாப்ள. நாய் தூக்கிட்டுப் போச்சுன்னா அவ என்னிய வீட்டுல சேக்க மாட்டா.”

கரையில் ஏறக்குறைய இருநூறு பேர் நின்றார்கள். தண்ணீர் பதினோரு ஏக்கர் அளவுக்கு இருந்தது, இடுப்புக்குக் கீழேதான். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐம்பத்தெட்டு மீட்டர் நூல், பதினோரு ஏக்கர் தண்ணீர், ஒரு ஆள், இரண்டு கால். அவன் காலில் படுவதற்கான வாய்ப்பு மிகச் சிறியதாக வந்தது. சிறியதாக வர வேண்டும் என்று போட்ட கணக்கு அது. இருநூறு பேருக்கும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். நூல் கண்மாய் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, மீன் ஒதுங்குகிற கட்டைகளில்தான் கிடக்கிறது, மீன் பிடிக்கிறவன் அங்கேதான் போவான் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

கடைசியாக அறுத்தது மடைப் பக்கம் கிடந்தது. அங்கே போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்டிருப்பான். இருநூறு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். அவன் இறங்கி, நேராக மடைப் பக்கம் போனான்.

முதல் மீன் சீக்கிரமே கிடைத்தது. அய்யனாருக்குக் காட்டிவிட்டு மறுபடியும் இறங்கினான். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு விராலோடு கரை ஏறியபோது, அவன் நடந்து வந்த ஈரத்தில் சிவப்பாக இருந்தது. கீழே பார்க்காமலே என்னிடம் மீனைக் காட்டிச் சிரித்தான். நான்தான் காலைப் பார்த்தேன். இடது கால் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் சேர்த்துச் சேறும் பாசியுமாக ஒரு சுருணை. பாசிக் கொடி என்று நினைத்து உள்ளே காலை உதறி உதறி இழுத்திருக்கிறான். வலி தெரியாததால் இன்னும் பலமாக இழுத்திருக்கிறான். யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பச்சையாகத் தெரிந்தது. எலும்பு வரைக்கும் போயிருந்தது.

பந்தல்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் காரில் வந்திருந்தார். அதில் அவனை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரையில் அறுத்துப் போட்டிருந்த நூலை நான் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டில் அளந்தேன். எட்டு மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. ஏழாவது.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். சர்க்கரைப் புண் ஆறவில்லை. பதினாறாம் நாள் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். நான் மதுரைக்கு ஒன்பது தடவை போனேன். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, பேப்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். வராந்தாவில் தங்கச்சி தன் சேலைத் தலைப்பால் பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைப்பாள். “கூடப் பொறந்தவுக கூட இப்படி வரல அண்ணே” என்று ஒரு நாள் சொன்னாள். நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். சுளை பத்து இருந்தது.

அந்த நூல் யாருடையது என்று ஊரில் பேச்சு வந்தது. என் நூலைத் தொட்டுப் பார்த்திருந்த ஒரே ஆள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வந்து எங்கள் கண்மாயில் தூண்டில் போடுவார். டவுனுக்காரன் வேலைதான் என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அவர் போடுவது மெல்லிய தங்கூசி என்பது எனக்குத் தெரியும். மூன்று தடவை அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அப்படியும் இருக்கும் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு கரையில் நாலு பேர் அவரை மறித்தார்கள். கையை ஓங்கவில்லை, ஆனால் பேச்சு தடிப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் குனிந்து வேட்டியைச் சரி செய்தேன். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

சிநேகிதன் வீடு திரும்பி, நான் அவனிடம் சொன்னது கண்மாய் அழிந்ததிலிருந்து நாற்பத்தோராம் நாள். தங்கச்சி ஆடு மேய்க்கப் போயிருந்தாள். அவன் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். வாயால் சொல்ல வராது என்று நோட்டை எடுத்துப் போயிருந்தேன். படத்தைக் காட்டி, ஏழு இடத்தையும் நீளத்தையும் வாசித்தேன்.

“மக்கிப்போகும்ன்னு சொன்னியே.”

“பொய்தான்.”

விரல் இல்லாத இடத்தில் போட்டிருந்த துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். “மிச்சம் எம்புட்டு உள்ள கெடக்கு?”

“அம்பது மீட்டரு.”

“அத எடு” என்றான். பிறகு, “அவகிட்ட நாஞ் சொல்லமாட்டேன். நீதேஞ் சொல்லணும்” என்றான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவன் ஒரு தடவை கூட மாப்ள என்று சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசியில் கண்மாய் முழுக்கக் காய்ந்து வெடித்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தேடினேன். காய்ந்த பாசி தகடு தகடாகக் கிடக்கும். அதைக் குச்சியால் புரட்டி, கட்டையைச் சுற்றிக் களைக்கொத்தால் கொத்திப் பார்க்க வேண்டும். யாராவது கேட்டால் டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். முதல் நாளே பதின்மூன்று மீட்டர் கிடைத்தது. மண்ணுக்குள்ளிருந்து இழுத்தபோது புதிதுபோலப் பச்சையாக வந்தது. வாளியைக் கட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தது; கட்டவில்லை. வைகாசி முடிய ஐந்து துண்டுகள் எடுத்துவிட்டேன். நாற்பத்து நாலு மீட்டர். இரண்டாவதாக அறுத்த ஆறு மீட்டர் மட்டும் கிடைக்கவில்லை. படத்தில் அதற்கு நான் போட்ட புள்ளி கிழக்குக் கரையில், பாறை கிடக்கிற பக்கம். அங்கே பதினேழு கட்டைகள். பதினேழையும் கொத்தினேன். ஆனியிலும் கொத்தினேன். ஆடியில் புதுக் கருவேல முளைகள் இடுப்பளவு வந்து என்னை உள்ளே விடவில்லை.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. மொத்தத்தையும் எடுத்து, எல்லாம் வந்துவிட்டது அம்மா, இனி உள்ளே ஒன்றும் இல்லை என்று கையில் காட்டிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மீட்டர் குறைய எப்படிச் சொல்வது? அந்த ஆறு மீட்டர் கிடைக்காததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. சிநேகிதன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். அவன் என்னைப் பார்ப்பான், ஒன்றும் கேட்க மாட்டான். அவள் காப்பி கொடுப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்து மூன்றே நாளில் கண்மாய் பாதி ஏறியது. நாலாம் நாள் காலை மழை விட்டு வெறித்திருந்தது. நான் கரையில் நின்று எந்தக் கட்டைகள் மூழ்கிவிட்டன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு ஆடு, மூன்று குட்டி. கண்மாயில் புதுத் தண்ணீர் வந்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. கோடை முழுக்க ஆட்டுக்குத் தண்ணீர் இறைத்துச் சலித்துப்போயிருந்தாள். கிழக்கே பாறைப் பக்கம்தான் சரிவு. எல்லா ஆடும் அங்கேதான் இறங்கிக் குடிக்கும். முன்னால் போன கிடாய் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டது.

“தங்கச்சி, ஆட்டத் திருப்பு” என்றேன். குரல் அதிகமாக வந்துவிட்டது. அவள் பாம்பு என்று நினைத்துக் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடி, கிடாயைத் திருப்பிவிட்டாள். எங்கே என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அங்கே ஆறு மீட்டர் நூல் கிடக்கிறது என்று ஆரம்பித்து, பின்னோக்கிப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். மடைப் பக்கம், செருப்பு, மக்கிப்போகும் என்றது, தறிக்காரர் வரைக்கும். அவள் ஆடுகளுக்குக் குறுக்கே கம்பை நீட்டிப் பிடித்தபடியே கேட்டாள்.

“அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியும். சித்திரையிலயே சொல்லிட்டேன்.”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். “சித்திரையிலேருந்து எங்க வீட்டுல எத்தன தடவ காப்பி குடிச்சிருப்பீக?”

எனக்குத் தெரியும். “இருவத்தாறு” என்றேன்.

அவள் கம்பை இறக்கினாள். ஆடுகளை வந்த வழியே திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள். குட்டிகள் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டே போயின.

அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் என் பெஞ்சு பக்கம் வந்தவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள், யாரும் ஏசவில்லை. அருப்புக்கோட்டைக்குப் போய்க் கடைக்காரப் பாயிடம் விஷயத்தைச் சொல்லி, தறிக்காரர் வந்தால் கண்மாய்க்கு வரச் சொல்லுங்கள், நூல் என்னுடையது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். பாய் சொல்லியிருப்பார். தறிக்காரர் இன்னும் வரவில்லை. சிநேகிதன் கம்பு ஊன்றி நடக்கிறான். என் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வாசலில் நான் நின்றால் தலையை ஆட்டுவான்.

கண்மாய் இப்போது நிறைந்து கிடக்கிறது. ஊர் ஆடுகள் மேற்குப் பக்கம் இறங்குகின்றன. தங்கச்சி மட்டும் எந்தப் பக்கமும் இறக்குவதில்லை. தெருக் குழாயில் பிடித்து வீட்டுத் தொட்டியில் ஊற்றி ஆட்டுக்குக் காட்டுகிறாள். குழாய் என் வீட்டு எதிரில் இருக்கிறது. காலையில் ஆறு குடம், மாலையில் ஐந்து. முதல் வாரத்தில் ஒரு நாள் நான் போய்க் குடத்தைத் தூக்கக் கை நீட்டினேன். “வேணாங்க, ஒங்க முட்டிக்கு ஏலாது” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அண்ணே என்று சொல்லவில்லை. நான் குழாயை மூடிவிட்டு வந்தேன்.